பூமியில் கிடைக்காத கல்

யதனாவின் கடைக்கு இதுவரை யாரும் கண்ணாடி கொண்டுவந்ததில்லை. மாணிக்கம் கொண்டுவருவார்கள், நீலம் கொண்டுவருவார்கள். திரும்பப் போகும்போதுதான் அது கண்ணாடியாகியிருக்கும். பர்மாவின் மாண்டலே கல் சந்தைக்குப் பின்தெருவில், ஒரு டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து அவள் கல் பார்க்கிறாள். அப்பா மோகோக் மாணிக்கச் சுரங்கத்துக்காரர். பெண்ணுக்கு ரத்தினம் என்று பொருள்படப் பேர் வைத்தார். அந்தப் பெண் பாங்காக்கில் படித்துவிட்டு வந்து, அப்பா பெட்டியில் பூட்டி வைத்திருந்த கற்களில் பாதி போலி என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் அவளோடு அதிகம் பேசவில்லை.

"நல்லாப் பாருங்க சயாமா, எங்க தாத்தா தன் கையால தோண்டி எடுத்தது" என்பான் வந்தவன். படித்த பெண் என்றால் அந்த ஊரில் சயாமா.

"தோண்டினது நிஜமாத்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி யாரோ பீர் பாட்டிலைப் புதைச்சிருக்காங்க" என்பாள் இவள்.

நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவனுக்கு வருகிற வியாதி அது என்பது அவள் கட்சி. வீட்டில் அவளுடைய அக்கா தின்ஸா இருந்தாள். கணவனை இழந்தவள். விடியற்காலையில் புத்தர் மாடத்துக்குப் பூ மாற்றி, ஏழு கிண்ணம் தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் முணுமுணுவென்று ஓதினால்தான் அவளுக்குப் பொழுது விடியும். தங்கை பக்கத்து மேஜையில் மீன்குழம்பு சேமியா மொஹிங்கா சாப்பிட்டபடி, "அந்த ஏழாவது கிண்ணத்துல கொசு முட்டை போட்டிருக்கு, பாத்துக்கோ" என்பாள். இப்படியே இருவரும் பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் கழித்திருந்தார்கள்.

மழை பிடிப்பதற்கு முந்தைய வாரம், காலை பத்து மணிக்கு, கடை வாசலில் ஒரு தங்கநிறக் குடை வந்து நின்றது. குடை ஒரு வெள்ளிச் செப்புக்குப் பிடித்தது. செப்பைச் சுமந்து வந்த ஊ தெயின் லூனின் வழுக்கைத் தலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

ஊ தெயின் லூனை அவளுக்குத் தெரியும். மாண்டலேயில் மீன் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஐஸ் பேக்டரி முதலாளி. ஐராவதிக்கு அக்கரையில், சகாயிங் குன்றில் இருக்கும் ஒரு மடத்துக்கு அறங்காவலர் தலைவரும் அவர்தான். அந்த மடத்துத் தலைமைப் பிக்கு ஊ விசாரிந்தா, எண்பத்தோராவது வயதில், கார்த்திகை வாக்கில் காலமானார். தகனத்துக்கு நாள் குறிக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை உடம்பைச் சுற்றித் தன் பேக்டரி ஐஸை அடுக்கியவர் ஊ தெயின் லூன். மூன்று மாதமும் உடம்பு கெடாமல் இருந்தது அதிசயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரேதான்.

அப்புறம் தேக்குக் கட்டையில் சிதை அடுக்கி, வாணத்தைக் கொளுத்திவிட்டு அதிலிருந்து சிதைக்குத் தீ பாய்ச்சி, தகனம் விமரிசையாக நடந்தது. மறுநாள் சாம்பல் அள்ளியபோது தாது கிடைத்தது. மெய்யாகவே ஞானமடைந்தவரின் உடம்பு எரிந்தால் எலும்பும் சதையும் மணியாகத் திரளும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஜனங்கள். கேட்கவா வேண்டும்? இருபத்தேழு மணி என்றார்கள்.

"சர்டிபிகேட் வேணும் சயாமா" என்றார் ஊ தெயின் லூன்.

"எதுக்கு?"

"அடுத்த குன்று மடத்துக்காரன் அவன் தாதுக்கு ரங்கூன்லேர்ந்து சர்டிபிகேட் வாங்கி, சட்டம் போட்டு மாட்டியிருக்கான். பஸ்ஸு பஸ்ஸா ஜனம் அங்க போகுது. நம்ம பெரிய சாமி அவனுங்க சாமிக்கு எதுல குறைச்சல்?"

"நீங்க நம்புறீங்கல்ல, இது தாதுதான்னு?"

"உயிரா நம்புறேன்."

"அப்புறம் என் முத்திரை எதுக்கு முதலாளி? உங்க பக்திக்கு நான் ஏன் ஜாமீன் போடணும்?"

அவர் சிரித்தார். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் மீன் மார்க்கெட்டில் பார்த்தவர். "எனக்கு வேண்டாம் சயாமா. இந்தக் காலத்துப் படிச்ச பயலுங்களுக்கு. சயின்ஸ் சொல்லிருச்சுன்னா வாயை மூடிக்குவானுங்க."

அவள் செப்புக்குக் கை நீட்டினாள். அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொம்பளை கை படக்கூடாது."

"அப்ப எதால பாக்கட்டும்? மூக்காலயா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குடை பிடித்தவனும் சிரித்தான், முதலாளி திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவள் தன் கருவிகளோடு மடத்துக்கு வருவது. மடத்துப் பிக்கு ஒருவர் மணிகளைத் துணியில் எடுத்துவந்து வைப்பது. அவள் இடுக்கியால் மட்டும் தொடுவது. இடுக்கி இரும்பு என்பதால் அதற்கு ஆண் பெண் கிடையாதாம்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் கண்ணால பாக்குறதை மட்டும்தான் எழுதுவேன்" என்றாள் யதனா.

"எழுதுங்க, எழுதுங்க. நிஜத்தை எழுதுங்க. அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார் அவர்.

விஷயம் கேள்விப்பட்டு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எத்தனை ஜென்மத்துப் புண்ணியமடி! நானெல்லாம் தகனத்தன்னிக்கு மூணு மணி நேரம் வெயில்ல நின்னும் சிதையைக் கண்ணால பாக்க முடியல. உன்னை வீடு தேடி வந்து கூப்பிடுறாங்க!"

"உன் புண்ணியமா இருக்கும். அட்ரஸ் மாறி எனக்கு வந்திருச்சு."

"போகும்போது தலைக்குக் குளிச்சிட்டுப் போ. அங்க போய் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

தலைக்குக் குளித்தாள். வாய் விஷயத்தில் வாக்குக் கொடுக்கவில்லை.

மடத்து மண்டபம் பெரியது. மணிகள் மாடியில் இருந்தன. மாடிப்படியின் முதல் படியில், 'பெண்கள் ஏறக்கூடாது' என்று தகரப் பலகை அடித்திருந்தது. அதற்கு நேர்கீழே யதனாவுக்குப் பாய் விரித்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பை ஒரு குட்டைச் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். மணிகளைக் கொண்டுவரும் வேலை ஊ தேஜா என்ற பிக்குவுக்கு விழுந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலையில் பற்கள் கறுத்துச் சிவந்து கிடந்தன. பதினெட்டு வருஷம் பெரிய சாமிக்குக் கூடவே இருந்து பணிவிடை செய்தவர். அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு மணியாக மஞ்சள் துணியில் வைத்துக் கொண்டுவருவார், தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அப்புறம்தான் அவள் எடுக்க வேண்டும். பார்த்து முடித்துத் துணியில் திரும்ப வைத்தால், மாடிக்குப் போய் அடுத்ததைக் கொண்டுவருவார்.

முதல் மணி. பளபளவென்று, பால் நிறத்தில், கொத்துக்கடலை அளவு. லென்ஸை வைத்ததுமே உள்ளே காற்றுக் குமிழிகள் தெரிந்தன. வார்த்த அச்சின் கோடு இடுப்பைச் சுற்றி ஓடியது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது மணியில் அவள் நிறுத்தினாள். ஒரு பக்கத்தில் சின்னதாக, வெள்ளையாக ஒரு புள்ளி. ஊசி முனையால் சுரண்டினாள். மெழுகு. மெழுகுக்குப் பின்னால் துளை. துளை மறுபக்கம் வரை நேராகப் போயிற்று.

யதனா சத்தமாகச் சிரித்துவிட்டாள். மண்டபத்தில் அந்தச் சிரிப்பு எதிரொலித்தது. தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊ தெயின் லூன் நிமிர்ந்தார்.

"என்ன சயாமா? அதிசயமா?"

"அதிசயந்தான் முதலாளி. எலும்பெல்லாம் வெந்து சாம்பலான நெருப்புல, இந்த மெழுகு மட்டும் உருகாம உட்கார்ந்திருக்கு. நூல் கோக்குறதுக்குத் துளை வேற போட்டிருக்கு. பெரிய சாமி உள்ளுக்குள்ளயே மாலை கட்டிட்டிருந்தாரா?"

அவர் முகம் மாறவே இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. திருடன் மாட்டிக்கொண்டால் முகத்தில் ஏதாவது தெரியும். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தாது எந்த ரூபத்துல வேணாலும் வரும் சயாமா. உங்க லென்ஸுக்கு அது புரியாது" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, யாரோ பக்தர்கள் வந்திருக்கிறார்கள் என்று வெளியே போனார்.

இருபத்துநாலு மணியும் கண்ணாடி. பகல் பன்னிரண்டுக்குள் எழுதி முடித்தாள். கடைசியாக ஊ தேஜா மூன்றைச் சேர்த்துக் கொண்டுவந்தார். செப்பின் அடியில், பஞ்சுக்குக் கீழே கிடந்தவை. அழுக்கு வெள்ளையும் பழுப்புமாக, புளியங்கொட்டை அளவில், பார்க்கச் சகிக்காமல் இருந்தன. ஒன்று கீறல் விட்டிருந்தது.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். "சிதைக்கு அடியில போட்ட செங்கல், சுண்ணாம்பு. சூட்டுல கட்டி தட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதவும் ஆரம்பித்துவிட்டாள்.

"இதுக்கு லென்ஸ் வைக்கலியே அம்மா" என்றார் ஊ தேஜா.

காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவள்தான் மற்றவர்களிடம் சொல்வாள். எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். கீறல் விட்ட கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, வெங்காயத்தை நறுக்கியதுபோல, நடுவில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த வளையங்கள்.

செங்கல்லில் வளையம் இருக்காது. சுண்ணாம்புக் கட்டியில் இருக்காது. முத்தில் இருக்கும். அதுவும் உயிருள்ள ஒன்றின் உள்ளே, அதன் சதையை உறுத்திக்கொண்டு வளர்ந்த முத்தில்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். முன்பு எழுதியதை அடித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள், "சாமி, பெரிய சாமிக்கு மூத்திரம் போறதுல ஏதாவது கஷ்டம் இருந்துச்சா?"

ஊ தேஜா எழுந்து வெளியே போனார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம். ஒவ்வொரு தடவையும் பின்கட்டு மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. மூங்கில் ஆடும். சில நாள் ரத்தம் வரும், நான்தான் கழுவுவேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு கல்லுன்னாரு, அறுத்து எடுத்துரலாம்னாரு. மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"கேட்டேன். 'பயமா இருக்குடா'ன்னாரு."

யதனா நிமிர்ந்தாள். பெரிதாக ஏதாவது தத்துவம் வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் நாக்கில் தயாராக வைத்திருந்தாள். அது பயன்படவில்லை.

"அந்த வலியோட மூணு மணி நேரம் உபதேசம் பண்ணுவாரு. ஒருத்தருக்கும் தெரியாது. முடிச்சிட்டு எந்திரிக்க முடியாது, நான் தூக்கிவிடணும். என் காதுல மட்டும் அசிங்கமாத் திட்டுவாரு" என்றார் ஊ தேஜா. சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

"சாம்பல் அள்ளினப்ப எத்தனை கிடைச்சது?"

"மூணு. இடுப்பெலும்பு கிடந்த இடத்துல, இந்த மூணு. நான்தான் எடுத்து முதலாளி கையில குடுத்தேன். சாயங்காலம் பார்த்தா இருபத்தேழு."

"நீங்க ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

பெயர்ந்து துணியில் கிடந்த அந்தச் சில்லை அவர் அனுமதியோடு எடுத்துவந்து, யதனா ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்காக இல்லை. மறுபடி ஒருமுறை பார்க்காமல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. உடம்பில் உண்டான கல் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து, அறங்காவலர்கள் ஒன்பது பேரும் மண்டபத்தில் கூடியிருக்க, அவள் அறிக்கையை வாசித்தாள். நறுக்கென்று ஒரு பக்கம். 'இருபத்துநாலு மணிகள்: இவை பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் எந்தக் கல்லும் அல்ல, மனிதர் செய்த கண்ணாடி, துளைகள் மெழுகால் அடைக்கப்பட்டுள்ளன.' யாரும் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். 'மீதி மூன்று: மனித உடலில், மூத்திரப்பையில் உண்டான கற்கள். தீயில் வெந்தவை. மறைந்த தலைமைப் பிக்குவின் உடலிலிருந்து கிடைத்தவை என்று கொள்ளப் போதிய ஆதாரம் உண்டு.'

மண்டபம் கொதித்துவிட்டது.

"என்னது? மூத்திரக் கல்லா?"

"பெரிய சாமியோட தாதுவைப் போய் மூத்திரம்ங்கிறா!"

"கொஞ்சம் பொறுங்க. இதுதான் நிஜம். இந்த மூணுதான் அவர் உடம்புலேர்ந்து வந்தது. மத்ததெல்லாம் பாசிமணிக் கடையில வாங்கினது. நீங்க தேடினது கிடைச்சிருக்கு, அதைத்தான் சொல்றேன்" என்றாள் யதனா.

ஊ தெயின் லூன் எழுந்தார். பத்து நாளுக்கு முன் மெழுகைக் காட்டியபோது அசையாத முகம், இப்போது சிவந்து நடுங்கியது. அதில் நடிப்பு இல்லை என்பதை யதனா கவனித்தாள். அவருக்கு உண்மையாகவே வலித்திருந்தது.

"அவரு ஞானி சயாமா. ஞானிக்கு ஏது மூத்திரப்பையில கல்லு? வியாதி நமக்கு வரும். அவரு வலியே இல்லாம, உட்கார்ந்த இடத்துல சிரிச்சிக்கிட்டே போனவரு. நான் பக்கத்துல இருந்தேன்."

"நான் அவருக்குள்ள இருந்ததைப் பார்த்தேன்."

"எந்திரிச்சுப் போங்க" என்றார் அவர்.

ஊ தேஜா தூண் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சகாயிங் போகும் பாலத்து முனையில் ஒரு பிளெக்ஸ் பலகை நின்றது. வழியில் போகும் பஸ்ஸெல்லாம் வேகம் குறைத்து வாசிக்கும் அளவுக்குப் பெரியது. ஒரு பக்கம் ஊ விசாரிந்தாவின் படம், சுற்றிலும் ஒளிவட்டம். மறுபக்கம் மணிகளின் படம், ஒவ்வொன்றும் தேங்காய் அளவில். நடுவே: 'விஞ்ஞானம் உறுதி செய்துவிட்டது! இவை பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் எந்தக் கல்லும் அல்ல! ரத்தினப் பரிசோதகர் யதனா, மாண்டலே.' அவள் முத்திரையும் கையெழுத்தும் அடியில், பெரிதாக்கப்பட்டு.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

பலகையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அவள் கடை வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள்: 'சகாயிங் மணிகள் இருபத்துநாலும் கண்ணாடி. அசல் அறிக்கையை உள்ளே வந்து படிக்கலாம்.' நான்கு நாள் தொங்கியது. உள்ளே வந்து படித்தவர் ஒருவருமில்லை. ஆனால் மணிகளோடு வந்தவர்கள் உண்டு. இன்னும் மூன்று மடங்களிலிருந்து, செப்பும் குடையுமாக, 'அந்த மாதிரியே ஒரு சர்டிபிகேட்' கேட்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் மத விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

அதிகாரி மரியாதையான மனிதர். விருந்தாளிக்கு வைக்கும் ஊறவைத்த தேயிலையும் வறுத்த பருப்பும் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"பிளெக்ஸ்ல இருக்கிற வாக்கியத்தை நீங்க எழுதினீங்களா சயாமா?"

"எழுதினேன். ஆனா பாதிதான்..."

"எழுதினீங்க. அது பொய்யா?"

"பொய் இல்லை."

"கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா."

"அப்ப உங்க மேல யாரும் பொய் சொல்லல. நீங்க மட்டும்தான் அட்டையை மாட்டி ஜனங்க மனசைப் புண்படுத்துறீங்க. அதுக்குச் சட்டம் இருக்கு. நான் படிச்சுக் காட்ட வேண்டாம்னு பாக்குறேன்." தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. பருப்பு நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

"சார், நீங்களாவது நம்புறீங்களா, அது கண்ணாடின்னு?"

"நான் உத்தியோகத்துல இருக்கேன் சயாமா. நம்புறதுக்கு எனக்கு நேரம் கிடைக்கிறதில்ல" என்றார் அவர்.

அவள் அட்டையைக் கழற்றினாள். ஆத்திரத்தில் அதைக் கிழிக்கக்கூட முடியவில்லை, பிளாஸ்டிக் அட்டை. வீட்டில் அக்கா தலைநிமிர்ந்து நடந்தாள். பூக்காரி முதல் கறிக்கடைக்காரன் வரை, "சயாமாவோட அக்கா" என்று இடம்விட்டார்கள். "எப்படியோ, உன் வாயிலேர்ந்தும் நல்ல வார்த்தை ஒண்ணு வந்திருச்சு" என்றாள்.

"முழு வார்த்தையைக் கேட்டியா நீ?"

"முழுசா யாருக்கு வேணும்?" என்றாள் அக்கா.

மழைக்காலம் பாதி தாண்டியபோது ஊ தேஜா கடைக்கு வந்தார். சந்தையே எட்டிப் பார்த்தது. யதனா நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் உட்கார்ந்துகொண்டாள். அது பக்தியில்லை, பிக்குவைக் கண்டால் மடங்கிவிடும் முழங்கால் பழக்கம். அவர் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் விரித்தார். மூன்று கற்களும் இருந்தன.

"ஆத்துல போடச் சொன்னாரு முதலாளி. படகுல நடு ஆறு வரைக்கும் போனேன். போட முடியல" என்றார்.

"மடத்துலயே வச்சுக்க வேண்டியதுதானே சாமி?"

"தேடி எடுத்துருவாங்க. தினம் சுத்தம் பண்றாங்க, மந்திரி வராராம்." பிறகு, "உங்களைக் கும்பிடச் சொல்லல அம்மா. தொலையாம இருந்தாப் போதும்" என்றார்.

"என்கிட்ட ஏன்?"

"நீங்கதான் அவருக்கு வலிச்சுதான்னு கேட்டீங்க."

அவள் எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். தன் வாழ்நாளில் முதல்முறையாக அக்காவுக்குப் பிடித்த ஒன்றைக் கொண்டுபோவதாக நினைத்து, வழியெல்லாம் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தாள். வெயிலில் மூன்று மணி நேரம் நின்றும் சிதையைப் பார்க்காத அக்கா. இவளுக்கு இது போய்ச் சேரட்டும். மாடத்துக்கு முன்னால் துணியைப் பிரித்து, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். பதினோரு வருஷ மூங்கிலையும் சொன்னாள்.

தின்ஸா கேட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"மூத்திரத்துலேர்ந்து வந்ததா? இதையா மாடத்துக்கிட்ட கொண்டாந்தே?"

"அக்கா, அவர் உடம்புல இருந்தது. உன் பெரிய சாமி உடம்புல. நிஜமா. நீ அங்க போய்க் கும்பிடுறது பாசிமணி."

"அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள் அக்கா. "பொம்பளைங்களுக்குத் தூரத்துலேர்ந்துதான் காட்டுறாங்க. தூரத்துலேர்ந்து எல்லாம் ஒண்ணுதான். பளபளன்னு இருந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்கு அது போதும். இதை எடுத்துட்டுப் போ யதனா. அந்த மனுஷன் மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னதையெல்லாம் என்னால நினைச்சுப் பாக்க முடியாது."

யதனா துணியை மடித்துக்கொண்டாள். கைகழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லி அக்கா உள்ளிருந்து கத்தினாள். கழுவாமலே சாப்பிட்டாள்.

கற்கள் கடையில்தான் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சான்றுக்கற்கள் வைக்கும் இழுப்பறையில், மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. மற்றக் குப்பிகளில் உள்ளதுபோலவே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்: பெயர், எண்ணிக்கை, கிடைத்த இடம். வியாபாரிகள் கேட்பார்கள், "அது என்ன கல்லு சயாமா?" விற்பதற்கு இல்லை என்பாள். ஊ தேஜா அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார். அவள் இழுப்பறையைத் திறந்துவிட்டு டீ சொல்லப் போய்விடுவாள். திரும்பி வரும்போது அவர் கிளம்பத் தயாராக இருப்பார். அவர் கும்பிட்டாரா, சும்மா பார்த்தாரா என்று அவள் கேட்டதில்லை.

மணிகளுக்குப் புதிய பகோடா கோபுரம் எழுப்பிக் கலசம் வைத்த பௌர்ணமியன்று சந்தை மூடிக் கிடந்தது. தெருவே நாலு லாரியில் ஏறிச் சகாயிங் போயிருந்தது. அக்கா புதுப் பட்டு உடுத்தி, கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, முதல் லாரியில் போனாள். பாலத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஊ தெயின் லூனின் குரல் கேட்டது. காற்று திரும்பும்போது யதனாவின் பேரும் வந்து விழுந்தது.

யதனா கடையைத் திறந்து வைத்திருந்தாள். பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் இழுப்பறையைத் திறந்து, சில்லு பெயர்ந்த கல்லை இடுக்கியால் எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். இந்த வளையங்களை வருஷக் கணக்காக எண்ண முடியாது என்று அவளுக்குத் தெரியும். மரம் வேறு, இது வேறு. தண்ணீர் குறைவாகக் குடித்த மாதத்தில் மூன்று வளையம் கூட விழலாம். அப்படி எண்ணுகிறவனைப் பார்த்தால் அவளே சிரித்திருப்பாள்.

ஊசி முனையை ஓரத்தில் வைத்து, உள்நோக்கி எண்ண ஆரம்பித்தாள். பதினாலாவதில் கண் கலங்கிக் கணக்கு தவறியது. ரவிக்கை ஓரத்தால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி ஓரத்திலிருந்து தொடங்கினாள்.